பூசணிக்காய் உடைத்தால் போதுமா?

ஆயுத பூஜையன்று ஒரகடம் பக்கத்து ஆலைகளில் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, வாசலில் பூசணிக்காய். விபத்து நடந்தால் மறுபடியும் ஒரு பூசணிக்காய். "அவன் நேரம் சரியில்லை" என்று கணக்கை முடித்துவிடுகிறோம். நேரம் சரியில்லைதான். ராத்திரி இரண்டு மணி, தொடர்ந்து ஆறாவது நைட் ஷிப்ட். இதில் சனி எங்கே வந்தான்?

தென்னேரியில் கம்பெனி பஸ் ஏறும் மெயின்டனன்ஸ் பிட்டர் ஒருவரை எனக்குத் தெரியும். லீவு நாளிலும் போன் தலையணைக்கடியில் இருக்கும். அடிக்காத போன் அடித்ததாக எழுந்து உட்காருவார். லைன் ஓடும்போது அவரை யாருக்கும் நினைவில்லை. நின்றுவிட்டால் முதுகுக்குப் பின்னால் நாலு பேர்: "எப்பப்பா ஓடும்?" கரண்ட்டை நிறுத்தி, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டிய பிறகுதான் உள்ளே கைவிட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்கும் துணிச்சலைத்தான் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டோம்.

2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில், மெஷினில் சிக்கியதை எடுக்கப்போன இளம்பெண் ஒருவர் அதிலேயே சிக்கி உயிரிழந்தார். ஓடும் மெஷினை நெருங்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அன்றைக்கே சொல்லியிருந்தது. அதே சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் ஈய நஞ்சு இருந்தது, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை இருந்தது. மனம் நொறுங்குவது இருந்ததில்லை.

வேலையின் நெருக்கடி ஏற ஏற, அதில் தானாக முடிவெடுக்கும் உரிமை குறைந்தால் மனிதன் உடைவான் என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-லேயே காட்டினார். அதை அளக்கக் கேள்வித்தாள்களும் இருக்கின்றன. அளக்க முடிந்ததை விதி என்பது சோம்பேறித்தனம். முதலாளிக்கு அது லாபமும்கூட.

விதி என்று விடாத வழக்கம் இந்த மண்ணில் பழையது. உத்திரமேரூர்க் கல்வெட்டு, 10-ஆம் நூற்றாண்டிலேயே ஏரிக்கென்று தனி வாரியம் இருந்ததைச் சொல்கிறது. நிலமும் வேதமும் உள்ளவனுக்கே அதில் இடம். அதைக் கொண்டாட நான் தயாரில்லை. ஆனாலும் ஏரியைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று விடாமல் ஆள் போட்டார்கள்.

ஆலைப் பாதுகாப்புக் குழுவில் இருப்பவர்களே, உங்கள் பிட்டரிடம் கேளுங்கள். போன மாதம் எத்தனை ராத்திரி உங்களைத் தூக்கத்திலிருந்து கூப்பிட்டோம்? 'மெஷினை நிறுத்து' என்று உங்களால் சொல்ல முடியுமா? சொன்னால் கான்ட்ராக்ட் மிஞ்சுமா? சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.