தவக்குலும் லைஃப் ஜாக்கெட்டும்

பெருநாள் விடுமுறையில் வந்தவாசியிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு படகுச் சவாரிக்குப் போகிறோம். கரையில் லைஃப் ஜாக்கெட்டை நீட்டினால், "அல்லாஹ் காப்பாற்றுவான், இந்தப் புழுக்கத்தில் இது வேறா?" என்கிறோம். இது தவக்குலா, சோம்பலா?

உஹதுக் களத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள். அவர்களைவிட அல்லாஹ்வை நம்பியவர் யார்?

2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மவுத்தானார்கள். ஒரே குடும்பத்தில் 11 பேர். அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு. பலர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அணியாதவரை ஏற்றக்கூடாது என்று சட்டம் கட்டாயப்படுத்தினால் நாம் வரவேற்கவே வேண்டும். பெரியவர்கள் என்ன வாதாடினாலும், மடியிலிருக்கும் பிள்ளை அமானிதமல்லவா? அதன் அளவுக்குச் சட்டை இல்லையென்றால், சவாரியை விட்டுவிட்டுக் கரையிலேயே சுண்டல் வாங்கிக் கொடுத்து அழைத்து வாருங்கள்.