கேட்கும் உரிமையே ஊராட்சியின் உயிர்

ஊரில் சாக்கடை அடைத்துக்கொண்டால் குற்றம் யாருடையது? துப்புரவு செய்யாதவருடையதா? அவரைத் தட்டிக்கேட்க வழிவிடாத அமைப்பினுடையதா? அறநூலார் தனிமனிதரின் நேர்மையை முதலில் நாடுவர். பொருளியலாரோ அந்நேர்மையைக் காக்கும் ஏற்பாடு உளதா என வினவுவர்.

ஊராட்சி பிடிக்காத குடிமகன் வேறூருக்குப் பெயர்ந்துவிடுவான். அவ்வச்சமே ஊராட்சியைத் திருத்தும் என்பது 1956இல் சார்லஸ் டீபூ கூறிய விளக்கம். வெளியேறுதல், குரல் எழுப்புதல் என இரு வழிகளை 1970இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் காட்டினார். இரண்டும் அடைபட்ட இடத்தில் நிருவாகம் தன் பிழையை உணர்வது அரிது.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் இதற்குத் தக்க சான்றாகும். ரப்பர்த் தோட்டக் காலத்தில் பால்மரம் சீவியவரின் வீடு வேலையோடு பிணைந்திருந்தது. வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விடவேண்டும். தோட்டம் தனியார் நிலம்; அங்கே நிருவாகியே ஊராட்சி. பின்னர்த் தோட்டங்கள் மறைய, குடும்பங்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்தன. மதிப்பீட்டு வரி கட்டும் கடமை வந்தது; வாக்கு வரவில்லை. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி, 1965இலேயே ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டிருந்தன.

செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம், குறைகள் இருப்பினும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே மேலானது என 1968இல் அறிக்கை அளித்தது. ஆயினும் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமனத்தையே நிலைநாட்டியது. இன்றும் சுங்கை சிப்புட்டை நிருவகிக்கும் குவால கங்சார் நகராண்மைக் கழகத்தின் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

நல்லவரை நியமித்தால் போதாதா எனச் சிலர் கேட்பர். நல்லவரும் நியமனம் பெறலாம். ஆனால் நியமித்தவரை நோக்கியே அவர் கண் செல்வது இயல்பு. எளிய மக்களுக்குத் தேர்ந்தெடுக்கும் பக்குவமில்லை என்பாரும் உளர். தோட்டத் துண்டாடலால் வாழ்விழக்கும் நிலையிலிருந்த தொழிலாளர், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் வழிகாட்ட, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுசிறு தொகையாய்ப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினர். தம் பணத்திற்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த மக்களுக்கா பக்குவமில்லை?

தேர்தல் ஒன்றே சாக்கடையைத் தூய்மையாக்கிவிடாது. கேளாதிருக்கும் மக்களிடம் வாக்கும் வெறுந்தாளே. எனினும் இரவலராய்க் கேட்பது வேறு. உரியவராய்க் கேட்பது வேறு. முன்னதில் கிடைப்பது சலுகை. பின்னதில் கிடைப்பதே ஆட்சி.