விதியா, குருதிக் குறையா?

"வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்!" நம் இல்லங்களில் முதியோர்க்கு நாள்தோறும் வழங்கப்படும் தீர்ப்பு இது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு மட்டும் தயார்!

என் பாட்டி விடியுமுன் எழுந்து, தெருக்கோடிக் குழாயிலிருந்து நான்கு குடம் நீர் சுமப்பார். நான்கு இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. "சோம்பல்" என்றார் ஒருவர். "தலையெழுத்து" என்றார் மற்றொருவர். பட்டம் பெற்ற நானோ ஒன்றும் சொல்லவில்லை. என் குற்றமே பெரிது. வாசற்படியில் அவர் விழுந்த பின்னரே மருத்துவரிடம் சென்றோம். கண்டது என்ன? கடும் இரத்தசோகை! எல்லோரும் உண்டு மிஞ்சியதையே ஆயுள் முழுதும் உண்ட ஒரு பெண்ணின் இரத்தசோகை. அந்தத் தலையெழுத்தை எழுதிய கை எந்தக் கடவுளுடையது, தோழர்களே?

இதயம், நுரையீரல், நரம்பு, தசை, பார்வை, ஏன், மனச்சோர்வுங்கூட, எது தளர்ந்தாலும் நடை தளரும். 65 வயதும் அதற்கு மேலும் ஆன 34,485 பேரின் நடையை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, விரைந்து நடந்தோர் நெடுநாள் வாழ்ந்ததைக் காட்டிற்று. நான்கு மீட்டரை வழக்கமான நடையில் கடக்க ஐந்து வினாடிக்கு மேலாகிறதா? கவனி என்கிறது மருத்துவம். மெல்ல நடப்பதே நோய் என்று பொருளில்லை. காரணத்தைத் தேடு என்று பொருள். நான்கு மீட்டர்! ஒரு திண்ணையின் நீளந்தானே? 2021 ஆகஸ்டு 5இல் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் வாசலுக்கே வருகிறார்கள். தரையில் இரு கோடு, கையில் ஒரு கடிகாரம். கூடுதலாக வேறென்ன வேண்டும்?

இன்று மணிக்கட்டுக் கருவியே அடிகளை எண்ணுகிறது. இங்கேதான் என் மனம் தயங்குகிறது. கவனிப்பு என்ற பெயரில் காவல் வைத்துவிடுவோமா? "இன்று அடி குறைந்தது, வெளியே போகாதே" என்று மகன் கட்டளையிட்டால், அந்தக் கருவி விலங்காகாதா? பெரியார் 94 வயதில், சிறுநீர்க் குழாயைச் சுமந்தபடி, 1973 டிசம்பர் 19 அன்று சென்னைத் தியாகராய நகரில் முழங்கினார். 24 அன்று மறைந்தார். அந்த மேடையிலிருந்து அவரைக் கீழிறக்கும் உரிமை எவருக்கு இருந்தது? உடல் நிலையை அவருக்கு அறிவிக்கலாம், முடிவு அவருடையது.

ஆதலால் பாட்டியிடம் முதலில் அனுமதி கேட்டேன். சற்று யோசித்தார்.

"கட்டிவிடு. ஆனால் கணக்கை முதலில் என்னிடம் சொல்லு. அப்புறம் உன் அப்பனிடம் சொல்லலாம்."