பழைய சொல்லைத் தூக்கி வருபவர்

ஒரு முஸ்லிம் தன் சகோதரனுடன் மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகுமானதல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் வரம்பிட்டுத் தந்தார்கள். கோபம் தணிய அது போதும். ஆனால் நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களில் போன வருஷத்துப் பிறைச் சண்டை இந்த ரமளானிலும் உயிரோடிருக்கிறதே, எப்படி?

மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரத்தாரைப் பாருங்கள். ஹிஜ்ரத்துக்குச் சுமார் ஐந்து வருஷங்களுக்கு முன் புஆஸ் போரில் ஒருவரையொருவர் வெட்டி மடிந்தவர்கள். இஸ்லாத்தைத் தழுவியபின் ஒரே சபையில் அமர்ந்து அளவளாவிக் கொண்டிருந்தார்கள். அதைக் காணப் பொறுக்காத சாஸ் இப்னு கைஸ் என்னும் கிழவர், தாம் வாய் திறக்கவில்லை. ஒரு வாலிபனை அனுப்பி, புஆஸ் காலத்துப் பழைய கவிதைகளை அச்சபையில் பாடச் செய்தார். அவ்வளவுதான்! 'ஆயுதம், ஆயுதம்' என்று கூவிக்கொண்டு இரு தரப்பாரும் திடலுக்குப் புறப்பட்டு விட்டனர்.

கவனியுங்கள்: புதிதாக ஒரு காரணமும் அங்கே பிறக்கவில்லை. பழைய சொல் மறுபடி வந்தது. இன்று அந்த வாலிபனின் வேலையைக் கைப்பேசி செய்கிறது. சண்டையிட்ட இருவரும் ஜும்ஆவில் முஸாபஹா செய்துவிட்டாலும், மூன்றாமவர் ஒருவர் அன்றைய குரல் பதிவைப் பத்திரமாக வைத்திருந்து இன்னொரு குழுவில் போட்டு விடுகிறார். கோள் சொல்பவன் சுவர்க்கம் புகமாட்டான் என்ற எச்சரிக்கை தம்மைப் பற்றியதல்ல என்று எண்ணுகிறார் போலும். தாம் எதையும் எழுதவில்லையே!

கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்பதும் ஹதீஸின் கருத்து. 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூரில் நடந்ததை மறந்துவிட்டோமா? குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் தாக்கியது. 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். கைப்பேசி வழியே பரவிய வதந்தி முன்னரே ஊரை அச்சத்தில் வைத்திருந்தது. அதை அனுப்பியவர்களில் எத்தனையோ பேர் அத்திமூரைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

குழுவை நடத்துபவர் பெயரளவில் முத்தவல்லியாக இருக்கலாகாது. பிறர் போட்ட பதிவையும் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி 2022 முதல் அவர் கையில் இருக்கிறது. பழைய பதிவு வந்தால் அழித்துவிட்டு, சம்பந்தப்பட்ட இருவரையும் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் நேரில் உட்கார வைக்கட்டும். சமாதானத்தையும் குழுவிலேயே பேச வேண்டாம். நூறு பேர் பார்த்திருக்க இறங்கி வருவது மனிதனுக்குக் கஷ்டம்.

அன்று நாயகம் (ஸல்) அவர்களும் ஆளனுப்பிச் சொல்லவில்லை. முஹாஜிர்களுடன் தாமே அத்திடலுக்குச் சென்றார்கள். நான் உங்களிடையே இருக்கும்போதேவா இந்த அறியாமைக் காலத்து அழைப்பு என்று கேட்டார்கள். கோத்திரத்தார் அழுதார்கள், ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டு, பெருமானாருடனேயே ஊர் திரும்பினார்கள்.