நின்ற வண்டியில் மோதினால் குற்றம் யாருடையது?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நிலக்கோட்டையில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் முன்பு சிலர் கூடி நின்றனர். ஒருவர் காரைப் பின்னால் எடுக்கையில், நின்றிருந்த மோட்டார் சைக்கிள் சாய்ந்து அதன் பின்விளக்கு நொறுங்கிவிட்டது. "பார்த்து எடுக்கக் கூடாதா பாய்?" என்றார் ஒருவர். "வழியில் நிறுத்தியது நீங்கள்தானே பாய்?" என்றார் மற்றவர். என்னைக் கண்டதும், "ஹஜ்ரத்தே சொல்லட்டும்" என்றனர்.

நேரடியாகச் சேதம் செய்தவரை 'முபாஷிர்' என்றும், அதற்குக் காரணமானவரை 'முதஸப்பிப்' என்றும் ஃபிக்ஹு இமாம்கள் பிரித்துள்ளனர். உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட சட்டநூல் 'மஜல்லா'. நேரடியாகச் சேதம் செய்தவர், வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் பொறுப்பாளியே என்பது அதன் 92ஆம் பிரிவின் கருத்து. 'தெரியாமல் பட்டுவிட்டது' என்பதால் குற்றம் லேசாகலாம். கொடுக்க வேண்டிய ஈடு நீங்காது.

அப்படியானால் வழியில் நிறுத்தியவர் மீது குற்றமே இல்லையா? பொதுவழியில் பிராணியை நிறுத்தவோ கட்டவோ எவருக்கும் உரிமையில்லை என்றும், அப்படி நிறுத்திய பிராணி உதைத்துக் காயப்படுத்தினால் உடையவரே பொறுப்பு என்றும் அதே நூலின் 934ஆம் பிரிவு கூறுகிறது. குதிரைச் சந்தை போல் அதற்கென விடப்பட்ட இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அன்றைய குதிரைச் சந்தையைப் போன்றதுதான் இன்றைய வண்டி நிறுத்துமிடம். அங்கே ஒழுங்காக நிறுத்தியவர் மீது குற்றமில்லை. பூமார்க்கெட் போகும் பாதையில் 'இரண்டே நிமிடம்' என்று குறுக்கே நிறுத்திச் செல்பவர் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே இருவர் பக்கமும் தவறு உண்டு என்றேன். காரை எடுத்தவர் பின்னால் பார்த்திருக்க முடியும். விளக்கின் விலையை அவர் கொடுப்பதே பேணுதல். வழிமறித்தவர் மன்னிப்புக் கேட்கட்டும். இருவரும் ஸலாம் சொல்லிக் கைகொடுத்துப் பிரிந்தனர்.

ஆனால் தீர்ப்புச் சொன்ன எனக்கே ஒரு கடன் பாக்கியிருந்தது. மூன்று மாதங்களுக்கு முன், ஒரு திருமண மண்டபத்தில் என் ஸ்கூட்டரின் கைப்பிடி, ஒழுங்காக நின்றிருந்த ஒரு காரின் கதவைக் கீறிவிட்டது. எவரும் பார்க்கவில்லை. 'இன்ஷூரன்ஸ் இருக்கும்' என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு வலீமா விருந்துக்குள் போய்விட்டேன்.

இருதரப்பு வாதங்களையும் கேட்டே தாம் தீர்ப்பளிப்பதாகவும், வாய்வன்மையால் ஒருவர் தம் சகோதரரின் ஹக்கைப் பெற்றுக்கொண்டால் அது நரக நெருப்பின் ஒரு துண்டு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நபியின் தீர்ப்பே பிறர் ஹக்கை ஹலாலாக்கிவிடாது என்றால், எவரும் பார்க்காதது ஹலாலாக்கிவிடுமா? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. அது பணத்தைத் தரலாம். நாம் மறைத்ததற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்லாது.

மறுநாளே திருமண வீட்டார் மூலம் விசாரித்து அந்தக் கார்க்காரரைத் தேடிப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சைக்கிளை உரசிவிட்டான் என்று என் மகனை அடித்துவிட்டேனே, ஹஜ்ரத்!" என்றார். பணத்தை வாங்க மறுத்தார். அந்தச் சிறுவனை அழைத்து அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். நான் மறைத்த குற்றத்தைச் சுமந்தவன் அவன்தானே!

சகோதரர்களே! உங்கள் வண்டி பிறர் வண்டியில் பட்டு, உடையவர் அங்கில்லாவிட்டால், பெயரும் போன் எண்ணும் எழுதிய ஒரு சீட்டை வைத்துவிட்டு வாருங்கள். தேடியும் அவர் கிடைக்காவிட்டால் அத்தொகையை அவருக்காக ஸதகா செய்யுங்கள். பின்னாளில் வந்து கேட்டால் அவருக்கே கொடுத்துவிடுங்கள். பிறர் ஹக்கைப் பேணி வாழ அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.