பிடரியில் ஒரு கறுப்பு

"ஐயா, இத வெச்சு எதையாச்சும் சுட்டிருக்கீங்களா?"

2024 மக்களவைத் தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஒப்படைக்கப் போயிருந்தேன். காவல் நிலையத்துப் பேரேட்டில் அதன் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் கேட்டார். என் பேத்தி வயதுதான் இருக்கும். விசாரணையாகக் கேட்கவில்லை, பேச்சுக்குக் கேட்டது. "இல்லம்மா. தாத்தா வெச்சிட்டுப் போனது. சும்மாதான் கெடக்கு" என்றேன். அவர் ஒரு சீட்டில் எண்ணை எழுதிக் கட்டையில் கட்டினார். ரசீதை வாங்கிக்கொண்டு கம்மாபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அந்த "இல்லம்மா" என்னோடு பஸ்ஸில் வந்தது, வீட்டுக்குள்ளும் வந்தது. இன்னும் போகவில்லை.

சுட்டிருக்கிறேன். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு தோட்டா. 1971ஆம் வருஷத்து மார்கழி, எனக்குப் பதினேழு வயது. சுட்டது ஒரு முயலை. அதன் பிடரியில், இரண்டு காதுகளும் சேரும் இடத்துக்குக் கீழே, ஒரு கறுப்புத் திட்டு இருந்தது.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் பர்மா வரைக்கும் போய்ப் பாலம் கட்டியவர். 1946இல் ஊர் திரும்பிச் சில வருஷம் கழித்து, கடலூரில் ஒருவரிடம் இந்த ரைஃபிளை முறையாக லைசென்ஸ் எடுத்து வாங்கினார். ஊருக்கு அது "பட்டாளத்துத் துப்பாக்கி". உண்மையில் அது முழுப் பட்டாளம் இல்லை. 1857க்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு நம் கையில் இருக்கும் ஆயுதத்தைப் பற்றித் தீராத பயம். 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். பட்டாளத்துத் தோட்டா பொருந்துகிற எதுவும் குடிமக்களிடம் இருக்கக் கூடாது என்றும் ஆக்கினான். அதனால் பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. கம்பெனி, பட்டாளத்துப் பாய்ண்ட் 303 ரைஃபிளின் அதே போல்ட், அதே உறுப்புகளை வைத்து, குழலை வேறு தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி, பாய்ண்ட் 315 என்று ஒன்றை இந்தியாவுக்காகச் செய்தது. பின்னால் இஷாப்பூர் தொழிற்சாலையும் அதைச் செய்தது. போல்ட்டை இழுத்துத் தள்ளும்போது தாத்தாவின் முகம் மாறும். கைக்கு அது பழைய துப்பாக்கியாகவே தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா அதைத் தொட்டதே இல்லை. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சூளையில் வேலை அவருக்கு. பியூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை என்று எல்லாம் செய்வார்கள். லீவு நாளில் நானும் போய் உட்கார்ந்திருப்பேன். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒரு பொம்மை உடைந்தால் அப்பா கவலைப்பட மாட்டார். அதை அப்படியே களிக்கூழ்த் தொட்டியில் போடுவார். அது கரைந்து நாளைக்கு வேறு பொம்மையாகும். சூளையிலிருந்து வெந்து வந்தது உடைந்தால் மட்டும் முகம் தொங்கிப்போகும். அது எதற்கும் ஆகாது. பேட்டைக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு மேடு கிடந்தது, எல்லாம் வெந்து உடைந்தவை. "தாத்தாவுக்கப்புறம் துப்பாக்கி உங்களுக்குத்தானே?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு வேணாம்டா" என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

அதனால் அது மகனைத் தாண்டி என்னிடம் வந்தது. பொங்கலுக்குச் சில வாரம் முன்பு, தாத்தா திண்ணையில் பழைய வேட்டித் துணியை விரித்து, துப்பாக்கியைத் துடைத்து, என் மடியில் வைத்தார். "இனிமே இது உன்னுது. காகிதம் அப்புறமா மாத்திக்கலாம்." நல்ல கனம். எண்ணெய் வாசனை இரண்டு நாள் கையில் இருந்தது. சோறு பிசையும்போதும் இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை ஊமங்கலம் பக்கத்து முந்திரிக்கொல்லைக்குப் போனோம். பனி. கொல்லையோரம் மணிலாப் பயிர். முயல் முன்னங்கால்களைத் தூக்கி உட்கார்ந்திருந்தது. தாத்தா என் தோளைப் பிடித்து, "வேணாம்டா, இது முயலுக்கான துப்பாக்கி இல்ல" என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்த பிறகுதான் அழுத்தினேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ரைஃபிளின் குண்டு கிட்டத்தட்ட 16 கிராம், அதாவது இரண்டு பவுன் எடை. மானையும் பன்றியையும் கணக்கில் வைத்துச் செய்தது. முயல் இரண்டரைக் கிலோ தேறும். ஓடிப்போய்ப் பார்த்தபோது தூக்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. தலையும் காதும் பிடரியும் மட்டும் முழுசாக இருந்தன. கறுப்புத் திட்டில் ஒரு மயிர்கூடக் கலையவில்லை. நம் பக்கத்து முயல் எல்லாவற்றுக்கும் அது உண்டு, கருங்கழுத்து முயல் என்றே பெயர். அதுவரை எத்தனையோ முயல்களைக் காதைப் பிடித்துத் தூக்கியிருக்கிறேன், கறிக்காகத்தான். ஒருநாளும் அந்தத் திட்டைக் கவனித்ததில்லை. கறியாக ஆக முடியாத முயலிடம்தான் அது கண்ணில் பட்டது.

தாத்தா திட்டவில்லை. காலால் மண்ணைத் தள்ளி மூடினார். வீட்டில் ஆயா மசாலா அரைத்து வைத்திருந்தாள். அன்றைக்கு அதை உருளைக்கிழங்கில் போட்டாள்.

வேட்டையே அறியாமல் வளர்ந்த பிள்ளை இல்லை நான். விருத்தாசலம் ரயிலடிப் பக்கம் நரிக்குறவர்கள் தங்குவார்கள். காடை, கௌதாரி கொண்டுவந்து விற்பார்கள். அவர்களில் ஒரு பெரியவர் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பதை நான் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, நார் அடைத்து, ரவை போட்டு, மறுபடி அடைத்துக் கம்பியால் இடிப்பார். கொட்டுமுன் உள்ளங்கையில் மருந்தை வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். காடைக்கு இவ்வளவு, கொக்குக்கு இவ்வளவு. கூடினால் மறுபடி கொம்புக்குள் தட்டிவிடுவார். எதைக் கொல்லப் போகிறோம் என்பதைக் கை முதலில் முடிவு செய்தாக வேண்டும். என்னுடைய தோட்டாவை எங்கோ ஒரு தொழிற்சாலையில் அளந்து மூடி அனுப்பிவிட்டார்கள். என் உள்ளங்கைக்கு அதில் வேலையே இல்லை.

இதை எழுதும்போது வல்வில் ஓரி நினைவுக்கு வருகிறான். கொல்லிமலை வள்ளல். வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டு, 152ஆவது. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா மேசையைத் தட்டித் தட்டி நடத்தினார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தங்கியது. வகுப்பே வாயைப் பிளந்தது, நானும்தான். வில்லின் வலிமைக்காகச் சொன்னது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த மார்கழிக்குப் பிறகு எனக்கு யானை தெரிவதில்லை, உடும்புதான் தெரிகிறது. யானைக்கென்று விட்ட அம்பு அதன்மேல் வந்து நின்றிருக்கிறது. பாணர் கூட்டத்துக்கு ஓரி வேட்டைக் கறி கொடுத்தான் என்று பாட்டு போகும். அந்த உடும்பும் இலையில் விழுந்திருக்குமா? விழுந்திருந்தால் கணக்கு நேராகிவிடுமா? முயலை நான் தின்றிருந்தால் இத்தனை வருஷமும் அதை நினைத்திருக்க மாட்டேன் என்பது மட்டும் உறுதி. அப்படியானால் என்னை அரிப்பது உயிர் போனதா, கறி வீணானதா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். பிரிய மாட்டேன் என்கிறது.

சட்டத்துக்குப் பயந்து பொய் சொல்லவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல்தான் வந்தது. வாயைத் திறந்து "ஒரு முயல்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் சிரித்துவிட்டு எழுதியிருப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேனோ என்னவோ. சிரிக்கிற அளவுக்கு அது சின்ன விஷயமாகிவிடும் என்று.

தாத்தா 1979இல் போனார். லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. அதற்குப் பின் தோட்டா வாங்கவில்லை. எண்ணெய் மட்டும் போடுகிறேன். இப்போது பன்றித் தொல்லை. கரும்புக்கொல்லைக்காரர் ஒருவர் சாயங்காலமானால் வந்து, "அண்ணே, ஒரே ஒரு வெடி போடுங்கண்ணே, மத்ததெல்லாம் ஓடிரும்" என்கிறார். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அரசு சொன்னது. நம்மைப் போன்றவர்கள் சுட முடியாது என்று அவருக்கு விளக்கினேன். அவர் நஷ்டம் நிஜம். பன்றிதான் இந்தத் துப்பாக்கிக்குச் சரியான அளவு என்பதும் நிஜம். சட்டம் அனுமதித்தாலும் என் விரல் மடங்குமா என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

முந்திரிக்கொல்லை இப்போது இல்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. தாத்தா மூடிய மண்ணையும் ராட்சத இயந்திரம் அள்ளிக் கொண்டுபோயிருக்கும்.

போன மாதம் பேத்தி தன் குழந்தையைக் குளிப்பாட்டி, கன்னத்தில் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, குழந்தையைக் குப்புறப் போட்டுப் பிடரியிலும் ஒன்று வைத்தாள். யார் கண்ணும் படக் கூடாதாம். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். முயலுக்கு அந்தப் பொட்டைப் பிறக்கும்போதே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அது எதையும் தடுக்கவில்லை.

லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி வருகிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இருந்ததை 2019 திருத்தத்தில் ஐந்தாக்கிவிட்டார்கள். மகள், "அரசாங்கத்துக்கிட்டயே குடுத்துடுங்கப்பா" என்கிறாள். கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டால் அந்தக் காலையை ஞாபகம் வைத்துக்கொள்ள இந்த வீட்டில் என்ன இருக்கும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. தாத்தா மடியில் வைத்ததை இறக்கிவைக்க மனமில்லாமல் முயலைச் சாக்குச் சொல்கிறேனோ என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. விண்ணப்பத்தில் என் பெயரும் முகவரியும் எழுதிவிட்டேன். எதற்காகத் தேவை என்று கேட்கும் இடத்தில் பேனா நிற்கிறது.