மூன்று புலியும் ஒரே புலியா?

வத்தலக்குண்டில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயர் 1872-ல் இங்கே பிறந்தவர். இருபத்தாறே வயதில் போய்ச் சேர்ந்தார். ‘மணிக்கொடி’ இதழைச் சிறுகதைக்கென்றே நடத்திக் காட்டிய பி.எஸ். ராமையாவுக்கும் இதுதான் ஊர். சி.சு. செல்லப்பா தன் முதலெழுத்தில் சின்னமனூரைச் சுமந்தாலும் வளர்ந்தது இங்கேதான். கொடைக்கானலுக்கு வண்டி ஏறும் இடம் என்று மட்டும் இந்த ஊரை அறிந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நஷ்டம் அவர்களுக்குத்தான்.

செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ அவர் நடத்திய எழுத்து பிரசுரத்தின் வெளியீடாக 1959-ல் வந்தது. தகப்பனைக் குத்திய காரிக் காளையை மகன் அணைய வருகிறான், ஒரு ஜல்லிக்கட்டு, அவ்வளவுதான் கதை. பக்கத்துக்குப் பக்கம் கண்ணெதிரே நடப்பதுபோல் எழுதப்பட்ட அந்தக் குறுநாவல் முழுவதையும் வரைய ஓர் ஓவியர் வாய்ப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெருமாள்முருகன் கதையை வடிவமைத்துக் கொடுக்க, அப்புபென் வரைய, ஆங்கிலத்தில் அது கிராஃபிக் நாவலாக வந்தது. செல்லப்பா 1998-லேயே மறைந்துவிட்டார். அதனால் நாவலுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. எழுத்து காத்திருக்கும். தானே எழுதி, தானே அச்சிட்டு, புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனிதர் அவர். யாருக்காகவும் அவர் வேலை நிற்க வேண்டியிருக்கவில்லை.

இதே ஊரில் இன்று சொந்தமாக வீடியோ கேம் செய்ய உட்காரும் பையனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மற்றதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ‘கோடோ’ போன்ற கேம் இன்ஜின்கள் இலவசம். ப்ளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒரே ஒரு முறை 25 டாலர். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர். காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் செல்லப்பா பட்ட பாட்டை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் திரையில் கதாநாயகன் நிற்க வேண்டிய இடத்தில் மாதக்கணக்கில் ஒரு நீலச் சதுரம் நின்றுகொண்டிருக்கும். ‘நல்ல ஆர்ட்டிஸ்ட் யாராவது தெரியுமா?’ தனியாகக் கேம் செய்யும் எந்தப் பையனைச் சந்தித்தாலும் மூன்றாவது வாக்கியம் இதுதான்.

கேமுக்கு ஓவியர் வேண்டுமா என்பதையே முதலில் கேட்டுப் பார்க்கலாம். கோயில் மண்டபத் தரைகளில் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை உளியால் கீறி வைத்திருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். ஒரு முக்கோணம், குறுக்கே சில கோடுகள், 23 சந்திகள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புளியங்கொட்டை புலி, கூழாங்கல் ஆடு. கொட்டைக்கு வரி இல்லையே என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. புலி தாண்டினால் ஆடு வெட்டு, நகர இடமில்லாமல் ஆடுகள் மடக்கினால் புலி அடைப்பு. விதி அத்தனை கெட்டி. அதற்கு உடுப்பு தேவைப்படவில்லை.

பரமபதம் இதற்கு நேர் எதிர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக ஆடுவது. ஆடுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு அதில் ஒன்றுகூடக் கிடையாது. தாயக்கட்டை உருளும், காய் நகரும். புத்திசாலிக்கும் அசடனுக்கும் ஒரே வாய்ப்பு. கேம் வடிவமைப்பு படித்தவர்கள் இதை விளையாட்டு என்றே ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். ஆனால் உச்சிக் கட்டத்துக்கு இரண்டே இரண்டு இருக்கும்போது பெரிய பாம்பின் வாயில் போய் விழுந்து, வால் வழியாக அடிமட்டத்துக்கு வந்து சேர்கிற பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும். போன ஜென்மத்துக் கணக்கெல்லாம் அந்த முகத்தில் ஓடும். பாம்புக்கு ஒரு பாவம், ஏணிக்கு ஒரு புண்ணியம் என்று எவரோ வரைந்து வைத்ததால் வந்த வினை. படத்தை அழித்துவிட்டு எண்களை மட்டும் விட்டுவைத்தால் ஐந்து நிமிடம்கூட யாரும் உட்காரமாட்டார்கள்.

ஆக, விதியே எல்லாமாக இருப்பதும் உண்டு, படமே எல்லாமாக இருப்பதும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டு மாற்றுகிற இடத்தில்தான் ஆளைத் தேடும் சிக்கல் தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஆடுபுலியை போனுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறார். பொறியியல் முடித்தவர், வீட்டிலிருந்தே வேலை என்று ஊர் திரும்பியவர், ராத்திரியில் கேம். ஓவியர் தேடிச் சலித்தபின் கடைசியில் ஊரிலேயே இருக்கும் ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டிடம் போனார். பெயருக்குப் பின்னால் ‘ஆர்ட்ஸ்’ என்று போட்டு, கடைப் பலகை, லாரியின் முன்நெற்றி, கட்சிச் சுவர் எல்லாம் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷுக்கு வேலை குறைந்து, இப்போது பள்ளிக்கூடச் சுவர்களில் திருவள்ளுவரும் மயிலும் வரைகிறார். நானும் கூடப் போயிருந்தேன். இளைஞர் லேப்டாப்பைத் திறந்து, தேவையான படங்களின் பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்தார். புலி நடப்பது, பாய்வது, உறுமுவது. ஆடு நிற்பது, சாவது.

“தம்பி, மூணு புலி இருக்கே. மூணும் ஒரே புலியா?”

“ஆமாண்ணே. ஒண்ணு வரைஞ்சாப் போதும். மத்த ரெண்டையும் காப்பி பண்ணிக்கிருவேன்.”

“பசியில வருதா, கோவத்துல வருதா?”

இளைஞர் கொஞ்சம் விழித்தார். “கோடுல ரெண்டும் ஒண்ணுதாண்ணே. தாண்டுனா ஆடு காலி.”

“வரையிறதுல ஒண்ணு இல்லியே. பசிச்சதுக்கு வயிறு ஒட்டிப்போயிருக்கும். கோவத்துல இருக்கறதுக்குக் காது பின்னாடி மடங்கிரும்.”

பேசிக்கொண்டே ஒரு ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலை ஓட்டினார். ஒரு புலிக்கு விலா எலும்பு எண்ணலாம் போலத் தெரிந்தது. இன்னொன்று காதை மடக்கி, முன்காலைத் தாழ்த்தியிருந்தது. மூன்றாவது வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்திருந்தது. அதற்குக் கண்கூட முழுதாகத் திறக்கவில்லை. படுத்திருக்கும் புலியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இளைஞருக்குத் தெரியவில்லை. அவர் எழுதிய கோடில் புலிக்குப் படுக்க இடமே கிடையாது.

தமிழ்ப் பத்திரிகைகளில் இந்த இழுபறி பழைய கதை. ‘பொன்னியின் செல்வன்’ 1950-ல் ‘கல்கி’ பத்திரிகையில் தொடங்கியபோது வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்று ஓவியர் மணியம் முடிவுசெய்தார். எழுதியவர் கல்கிதான், ஆனால் வாசகர் மனத்தில் இருக்கும் குந்தவையின் கொண்டை மணியத்துடையது. 2022-ல் மணிரத்னம் படம் வந்தபோது ஜனங்கள் நடிகர்களை நாவலோடு ஒப்பிட்டதைவிட அந்தச் சித்திரங்களோடு ஒப்பிட்டதுதான் அதிகம். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ விஷயமும் அப்படித்தான். அதற்கு வரைந்த கோபுலு தஞ்சாவூர்க்காரர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். நாகஸ்வரக்காரர் எப்படி உட்காருவார், தவில்காரர் துண்டை எங்கே கட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. கி. ராஜநாராயணனின் ‘கரிசல்காட்டுக் கடுதாசி’க்கு ஆதிமூலம் கோடு போட்டபோது எழுத்தில் இருந்த வெயில் கோட்டுக்கும் வந்தது. இந்த ஜோடிகளில் ‘கைத்திறன் நன்றாக இருக்கிறது, நான் சொல்வதை வரையும்’ என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் இல்லை என்றே நினைக்கிறேன்.

கேம் உலகத்தின் மிகப் பெரிய முகமே ஓவியக் கையிலிருந்து வந்ததுதான். தொழில்வடிவமைப்பு படித்துவிட்டு 1977-ல் நிண்டெண்டோவில் சேர்ந்த ஷிகெரு மியாமோட்டோவுக்கு கோடிங் தெரியாது. 1981-ல் ‘டாங்கி காங்’ கேமுக்காக அவர் வரைந்த ஆளுக்குக் கிடைத்த இடம் மிகக் கொஞ்சமான புள்ளிகள். அதில் வாய் வரைய முடியாது. மூக்கு தெரிய மீசை வைத்தார். தலைமுடி அசைவதைக் காட்ட முடியாது, தொப்பி போட்டார். கை வீசுவது தெரியட்டும் என்று கையும் உடம்பும் வேறு வேறு நிறமாகத் தெரியும் உடுப்பு மாட்டினார். அதுதான் பின்னால் மரியோ. இல்லாமையை முகமாக மாற்றத் தெரிந்தவரைத்தான் ஓவியர் என்கிறோம். பட்டியல் கொடுத்திருந்தால் அந்த மீசை வந்தே இருக்காது.

ஜொனாதன் ப்ளோ எதிர்த் திசையிலிருந்து வந்தவர். ‘பிரெய்ட்’ என்ற அவருடைய கேம், காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் புதிர்களால் ஆனது. பார்க்கச் சகிக்காத தற்காலிகப் படங்களோடேயே 2006-ல் சுயாதீன கேம் விழாவில் வடிவமைப்புக்கான பரிசை வாங்கிவிட்டது. பரிசு வந்துவிட்டதே, போதும் என்று அவர் நிறுத்தவில்லை. டேவிட் ஹெல்மன் என்ற இணையச் சித்திரக்கதை ஓவியரைச் சேர்த்துக்கொண்டார். 2008-ல் வெளிவந்தபோது அதில் நீர்வண்ண ஓவியம் போன்ற வானமும், நினைவு கலைந்துபோகிறாற்போன்ற புல்வெளியும் இருந்தன. அதே புதிர்கள்தான், ஆனால் காலத்தைத் திருப்புவது இப்போது ஒருவன் செய்த தவறைத் திருப்பப் பார்ப்பதாகத் தெரிந்தது. சதுரங்களை வைத்து ஆடியபோது அது வெறும் சாமர்த்தியமாக மட்டுமே இருந்திருக்கும்.

நமக்குக் கிட்டத்து உதாரணம் ‘வெண்பா’. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. வடிவமைத்தவர் அபி, கலை சாம் எல்கானா. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்தனுப்பிய, பக்கம் கிழிந்த சமையல் குறிப்பேடு. முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதே புதிர். விதியாகப் பார்த்தால் குழிக்கு மேல் குழி வராமல் மாற்றி அடுக்குவது; ஒரு சின்னக் கணக்கு. ஆனால் அந்த எவர்சில்வர் பாத்திரமும், அடுப்படி வெளிச்சமும் சேர்ந்ததும் நம் வீட்டுக் காலை ஏழு மணியாகிவிடுகிறது. பாஃப்டா அந்தக் கேமுக்கு 2024-ல் சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதைக் கொடுத்தது. கொடுத்தவர்களில் எத்தனை பேர் இட்லி அவித்திருப்பார்கள் தெரியாது. பார்த்தால் புரிகிறமாதிரி வரைய ஆள் இருந்தார்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை மேலே கொண்டுபோவது நாணயமாகாது. ‘விற்றால் பங்கு தருகிறேன்’ என்பதுதான் கேம் செய்பவர்கள் ஓவியர்களிடம் சொல்லும் வழக்கமான வாசகம். பெரும்பாலான கேம்கள் விற்பதில்லை. ஓவியர்களுக்கும் அது தெரியும். சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டுப் படங்களுக்கும் கேம்களுக்கும் மற்றவர் பெயரில் வரைந்துகொடுக்கும் கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. திறமைக்குத் தட்டுப்பாடு இல்லை. அவர்கள் நேரம் வாடகைக்குப் போயிருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மிச்சமிருக்கும் நேரத்தைக் கேட்பவர் முதல் ஓவியத்துக்காவது கையில் காசு கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. தொகை சின்னதாக இருக்கட்டும். புனேயில் ‘ராஜி’ என்ற கேமை உருவாக்கிய நோடிங் ஹெட்ஸ் நிறுவனத்தில் ஓவியர் ஸ்ருதி கோஷ் கூலிக்கு வந்தவர் அல்ல, நிறுவனர்களில் ஒருவர். 2017-ல் மக்களிடம் பணம் திரட்டும் முயற்சி தோற்றுப்போனது. 2020-ல் கேம் வெளிவந்தது. இடைப்பட்ட வருஷங்களைத் தாண்ட, வரைகிறவருக்கும் அது சொந்த வீடாக இருந்தாக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் நூறு புலி தருமே என்கிறார்கள். தரும். கேட்ட மாதிரியே தரும். அங்கேதான் எனக்குச் சந்தேகம். புலிக்குப் பசியா என்று அது திருப்பிக் கேட்டதில்லை.

தனியாக ஒரு கேம் செய்கிறவர், அது என்னவென்று தனக்கு முழுக்கத் தெரியும் என்று நம்புகிறார். தலைக்குள் அது முடிந்துவிட்டது. வரைந்து கொடுக்க ஒரு கை மட்டும் பாக்கி என்று தேடக் கிளம்புகிறார். அப்படித் தேடுகிறவரைக்கும் கிடைப்பதெல்லாம் கைகள்தான். ஒன்று விலை அதிகமாக இருக்கும், இன்னொன்று பாதியில் போய்விடும். வேறொருவர் பார்க்கும்வரை அந்தக் கேம் என்னவென்று அவருக்கே தெரியாது என்பதுதான் நிஜம். விதியை எழுதியவருக்கு மூன்று புலியும் ஒன்று. அவர் தேடவேண்டியது அதை ஒப்புக்கொள்ளாத ஒரு கண்ணை. அது கிடைத்த அன்று கேமின் பாதி அவர் கையைவிட்டுப் போய்விடும். அந்தப் பாதியை விட மனம் வராதவர்கள்தான் வருஷக்கணக்கில் ‘ஆர்ட்டிஸ்ட் கிடைக்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

ஆடுபுலி இளைஞர் இப்போது விதியில் கை வைத்திருக்கிறார். இரண்டு ஆடு தின்ற புலி ஒரு சுற்றுக்குப் படுத்துவிடும், அதுவரை எழுப்ப முடியாது. இதனால் ஆடுகள் சுலபமாக ஜெயிக்கின்றன, நூற்றாண்டுகளாக நின்ற சமநிலை குலைந்துவிட்டது. ஓர் ஆட்டைக் குறைக்கலாமா என்கிறார் இவர். ஆட்டில் கை வைக்காதே, பசித்த புலியை இரண்டு தாண்டு தாண்டவிடு என்கிறார் போர்டு ஆர்ட்டிஸ்ட். நேற்றுவரை முடிவாகவில்லை.